ஆண்கள் சிறு ஜெபக்குழு: வீட்டிலிருந்து உயிர்மீட்சி தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் சபைகளில் ஆண்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. அசனம் என்ற சபை விருந்துக்கு அண்டா ஏற்றுவது, கன்வென்ஷனுக்குப் பந்தல் போடுவது, கமிட்டியில் கணக்குப் பார்ப்பது, காணிக்கை எடுப்பது என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறார்கள். ஆனால் அதே ஆண் வீட்டில் எப்படி இருக்கிறார், பிள்ளைகளோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து ஜெபித்தார், மனைவியோடு மனம்விட்டுப் பேசுகிறாரா என்று கேட்பதற்கு அவருக்கு ஒரு ஆள் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வருகிற ஜெபக்குறிப்புகளைக் கேட்டவர்களுக்கு இதன் விளைவு என்னவென்று தெரியும்.

இந்தக் கேள்விகளை அன்போடு கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு குழுவை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையிலும் இது நடக்கும். கத்தோலிக்கராக இருந்தால் உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில்) உள்ள ஆண்களே சேர்ந்து தொடங்கலாம். எங்கே நடத்தினாலும், குழுவின் பலனை வீட்டில்தான் தேட வேண்டும். குழுவில் ஒருவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும், வீட்டில் அவர் குரல் மாறவில்லை என்றால் இன்னும் வேலை தொடங்கவில்லை என்றே நான் சொல்வேன்.

இது புதிய யோசனை இல்லை

1529இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகள், குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுத்தர வேண்டியவை என்ற குறிப்போடுதான் தொடங்குகின்றன. 1670இல் பிராங்பர்ட் நகரில் பிலிப் யாக்கோப் ஸ்பெனர் என்ற லுத்தரன் போதகர் தன் வீட்டில் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். அந்தப் பக்தி இயக்கம் ஹாலே நகரில் வேரூன்றியது. அங்கே உருவான மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஆகவே சிறு குழு என்பது நம் திருச்சபை வரலாற்றுக்கு அந்நியமான ஒன்று இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை. 1742இல் பிரிஸ்டலில் கூட்டம் நடந்த கட்டடத்தின் மேல் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, பன்னிரண்டு பேரை ஒருவர் போய்ப் பார்த்து வசூலிப்பது என்று முடிவு செய்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் வேறொரு செய்தியோடு திரும்பினார்கள்: இன்னார் தன் வீட்டில் வாழவேண்டியபடி வாழவில்லை. பெரிய கூட்டத்தில் பிரசங்கத்தின்போது கண்ணில் படாதது, வீட்டு வாசலில் தெரிந்துவிட்டது. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று வெஸ்லிக்குப் பட்டது. கடன் வசூலுக்குப் பிரித்த அந்தக் குழுக்களே பிறகு மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்களாக நிலைத்தன. அதற்கு முன்பே, 1738இல், ஆண்கள் தனி, பெண்கள் தனி, மணமானவர்கள் தனி என்று இன்னும் சிறிய குழுக்களுக்கு அவர் விதிகள் எழுதியிருந்தார். அவற்றின் அடிப்படை வசனம் யாக்கோபு 5:16: “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்.”

நம் காலத்தில் அமெரிக்காவில் 1990இல் பில் மெக்கார்ட்னி என்ற கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர் தொடங்கிய ஆண்கள் இயக்கம் விளையாட்டு அரங்குகளையே நிரப்பியது. அவர் 1994இல் குடும்பத்துக்கு நேரம் கொடுப்பதற்காகப் பயிற்சியாளர் வேலையையே விட்டு விலகினார். அரங்கம் நிறைந்த கூட்டங்களைவிட அந்த ஒரு முடிவு எனக்கு அதிகம் சொல்கிறது.

முதல் படி: யார் யார்?

நான்கு முதல் ஆறு பேர். ஏழாவது ஆள் வந்தால் இரண்டு பேர் பேசாமலே வீட்டுக்குப் போவார்கள்.

ஆட்களைச் சேர்ப்பதில்தான் பல குழுக்கள் தொடக்கத்திலேயே தவறிவிடுகின்றன. நம் ஊர்ச் சபைகளில் பாதிப் பேர் உறவுக்காரர்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே குழுவில் இருந்தால், தன் மனைவியிடம் கோபப்பட்டதை அவளுடைய அண்ணன் முன்னால் ஒருவர் எப்படிச் சொல்வார்? சம்பந்திகள், மாமனார் மருமகன், முதலாளி தொழிலாளி, வட்டிக்குக் கொடுத்தவர் வாங்கியவர் ஆகியோரை ஒரே குழுவில் சேர்க்க வேண்டாம். சபைத் தேர்தலில் ஒரே அணியில் நின்றவர்களை மட்டும் சேர்த்தால் அது மூன்றாம் மாதமே தேர்தல் அலுவலகமாகிவிடும். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் கூடுவதையும் வேண்டுமென்றே தவிருங்கள். தானாக நடக்கட்டும் என்று விட்டால் பெரும்பாலும் அப்படித்தான் அமையும். அதனால் ஆட்களை யோசித்துக் கூப்பிட வேண்டும்.

வயது கலந்திருப்பது நல்லது. கைக்குழந்தை வைத்திருப்பவர், பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறவர், பேரன் பேத்தி எடுத்தவர் மூவரும் ஒரே பாயில் உட்காரும்போது பிரசங்கத்தில் கிடைக்காத ஞானம் கிடைக்கும். பெரியவர் “அந்த வயதில் நான் என் மகனிடம் பேசாமல் விட்டுவிட்டேன் தம்பி” என்று சொல்லும் ஒரு வரி, இளம் தகப்பனுக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

அழைக்கும்போது நோக்கத்தை மறைக்காதீர்கள். “சும்மா வாங்க, ஒரு கூட்டம் இருக்கு” என்று கூப்பிட வேண்டாம். “அண்ணே, வீட்டில் நாம் எப்படி இருக்கிறோம் என்று நேர்மையாகப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க நாலைந்து பேர் கூடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வருவீர்களா?” என்று கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாம் படி: மனைவியிடமும் குருவானவரிடமும் சொல்லுங்கள்

குருவானவரிடம் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. சபைக்குத் தெரியாமல் நடக்கும் குழு சீக்கிரம் பிரிவினைக் குழுவாகப் பார்க்கப்படும். அவர் வாராவாரம் வர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை நிலவரம் சொன்னால் போதும், அதிலும் யாருடைய சொந்த விஷயமும் வரக்கூடாது.

அதைவிட முக்கியம் மனைவி. “எந்த நேரம் நான் போனால் உனக்குச் சிரமம் இருக்காது?” என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற, இரவுச் சமையல் நடக்கிற மாலை ஏழு மணிக்குக் குழு வைத்துக்கொண்டு, குடும்பத்துக்காக ஜெபிக்கப் போகிறேன் என்று சொன்னால் அதைக் குடும்பம் நம்பாது. சனிக்கிழமை காலை 5.30 முதல் 6.45 வரை பல வீடுகளுக்கு ஒத்துவரும். மீன்பிடித் துறையிலோ ஷிப்ட் வேலையிலோ இருப்பவர்கள் தங்கள் நேரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கன்னியாகுமரி, தூத்துக்குடி பக்கம் தகப்பன் வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களை விட்டுவிட வேண்டாம். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரமும், சவுதி, கத்தார், குவைத்துக்கு இரண்டரை மணி நேரமும்தான் வித்தியாசம். வீடியோ அழைப்பில் ஒருவர் சேர்ந்தால் குழு குலையாது. சொல்லப்போனால் தனியாக அறையில் இருக்கும் அவருக்குத்தான் இது அதிகம் தேவை.

மூன்றாம் படி: முதல் நாளே பேசி முடிக்க வேண்டியவை

குழுவில் கேட்டது குழுவை விட்டு வெளியே போகக்கூடாது. மனைவியிடமும் சொல்லக்கூடாது. நம்மிடையே வதந்தி பெரும்பாலும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில்தான் பரவுகிறது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும் போடுங்கள், ஒருவருடைய பிரச்சனையை எழுத்தில் வைக்காதீர்கள்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு, அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். யாருடைய உயிருக்காவது ஆபத்து, மனைவி மேலோ பிள்ளைகள் மேலோ வன்முறை, குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் இரகசியம் காக்கப்படாது. குழந்தை விஷயத்தில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் தெரிவிப்பது கட்டாயம்.

அப்புறம் பணம். குழுவுக்குள் சீட்டு, கைமாற்று, ஜாமீன் கையெழுத்து எதுவும் வேண்டாம். ஒருவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தால் எல்லோருமாகச் சேர்ந்து திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுங்கள். கடனாகக் கொடுத்தால் கடனையும் சகோதரனையும் சேர்த்து இழப்பீர்கள்.

நான்காம் படி: அந்த 75 நிமிடம்

ஒரு கீர்த்தனையோ பாமாலையோ பாடி, ஒருவர் சுருக்கமாக ஜெபித்துத் தொடங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வசனங்களை இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். பிரசங்கம் வேண்டாம். நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார், அவருக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். “இந்தப் பகுதி என் வீட்டில் எதைத் தொடுகிறது?” என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பதில் சொல்லட்டும். இதெல்லாம் 25 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

மீதியில் பெரும்பகுதி ஒவ்வொருவரும் தன் வாரத்தைச் சொல்வதற்கு. இங்கே ஒரு கண்டிப்பான விதி தேவை: வாக்கியம் “நான்” என்று தொடங்க வேண்டும். “என் வீட்டுக்காரி எதுக்கெடுத்தாலும் சண்டை போடுகிறாள்” என்று ஒருவர் ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் மெதுவாக, “சரி அண்ணே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் ஆண்கள் குழு மனைவிமாரைக் குறை சொல்லும் திண்ணையாக மாறிவிடும். நான் இதில் துளிகூட விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கேட்கிறவர்கள் ஆலோசனை சொல்ல அவசரப்படக்கூடாது. அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஒருவர் அழுதால் அழட்டும், உடனே வசனம் எடுத்து வாயை அடைக்காதீர்கள்.

பிறகு வலது பக்கத்தில் இருப்பவருக்காக ஒவ்வொருவரும் பேர் சொல்லி ஜெபியுங்கள். கடைசியாக, அந்த வாரம் வீட்டில் செய்யப்போகிற ஒரே ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். “இனி நல்ல தகப்பனாக இருப்பேன்” என்பது காரியம் ஆகாது. “புதன்கிழமை மகளைப் பள்ளிக்கு நான் கொண்டுபோய் விடுவேன், போகும்போது போன் பேசமாட்டேன்” என்பதுதான் காரியம். அடுத்த வாரம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே.

ஐந்தாம் படி: முதல் எட்டு வாரங்களுக்கான பகுதிகள்

முதல் வாரம் லூக்கா 15:11-32. நாம் பெரும்பாலும் இளைய குமாரனைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். இந்த முறை தகப்பனைப் பாருங்கள். அவர் இளையவனை நோக்கி ஓடுகிறார், கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மூத்தவனிடமும் தானே போய் வருந்தி அழைக்கிறார்.

இரண்டாம் வாரம் கொலோசெயர் 3:12-21. “அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்” என்று கணவருக்கும், பிள்ளைகள் “திடனற்றுப்போகாதபடி” கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பனுக்கும் பவுல் எழுதுகிறார். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கோடு ஒப்பிட்டுப் பேசுவது இதில்தான் வரும். மூன்றாம் வாரம் உபாகமம் 6:4-9.

நான்காம் வாரத்துக்கு நான் விரும்புவது 2 சாமுவேல் 13:1-22. வாசிக்கக் கஷ்டமான பகுதி. தாவீது ராஜாவின் மகள் தாமார் தன் அண்ணன் அம்னோனால் கெடுக்கப்பட்டாள். இதைக் கேள்விப்பட்ட தாவீது “வெகு கோபமாயிருந்தான்” என்று எழுதியிருக்கிறது. அதற்குமேல் அவன் மகளுக்காக எதையும் செய்ததாக ஒரு வரி இல்லை. கோலியாத்தை வீழ்த்தியவன், சங்கீதங்கள் பாடியவன், சொந்த வீட்டில் நீதி செய்யவில்லை. அந்த மௌனத்துக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையை அடுத்த அதிகாரங்கள் சொல்கின்றன. வெளியே பெரிய ஊழியம் செய்யும் ஆண்கள் இந்தப் பகுதியை மெதுவாக வாசிக்க வேண்டும். இந்த வாரம் நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

ஐந்தாம் வாரம் எபேசியர் 4:25-32, கோபத்தைப் பற்றி. ஆறாம் வாரம் 1 பேதுரு 3:7. மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு நேரடியாகச் சொல்கிறார். “நான் வீட்டுக்குத் தலை” என்று வாதாடுகிறவர்கள் எபேசியர் 5:25-ஐயும் அன்றே சேர்த்து வாசிக்கட்டும். அங்கே கிறிஸ்து தம்மையே ஒப்புக்கொடுத்ததுதான் கணவனுக்கு முன்மாதிரி. ஏழாம் வாரம் யோவான் 13:1-17. அந்த வாரக் காரியம் வீட்டுவேலையாக இருக்கட்டும்: பாத்திரம் கழுவுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, துணி மடிப்பது. எட்டாம் வாரம் சங்கீதம் 128.

ஆறாம் படி: வீட்டில் குடும்ப ஜெபம்

மூன்றாம் நான்காம் வாரத்தில் இதைத் தொடங்கலாம். வருடக்கணக்காக நின்றுபோயிருந்தால் முதல் நாளே அரைமணி நேரம் வைக்காதீர்கள். பத்து நிமிடம் போதும்: ஒரு பாட்டு, ஒரு சிறு வேதபகுதி, ஒரு ஜெபம். வாரத்தில் மூன்று நாளில் தொடங்கினாலும் தப்பில்லை. பாட்டைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாள் மனைவி நடத்தட்டும், ஒரு நாள் மகள் நடத்தட்டும். டிவியை அணைப்பதும் போனை வேறு அறையில் வைப்பதும் தகப்பனிடமிருந்து தொடங்க வேண்டும்.

நம் வீடுகளில் குடும்ப ஜெபத்தைக் கொல்கிற ஒரு பழக்கம் உண்டு. “ஆண்டவரே, சொல்பேச்சு கேட்காத இந்தப் பையனுக்கு நல்ல புத்தி கொடும், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்” என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. அந்தப் பிள்ளைக்கு அது ஜெபமாகக் கேட்காது. கடவுளையும் அப்பாவின் பக்கம் சேர்த்துக்கொண்டு தன்னை அடிப்பதாகத்தான் கேட்கும். பிள்ளையின் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அவனிடம் நீங்கள் கண்ட ஒரு நல்ல காரியத்தைக் கடவுளிடம் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் குறையையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

பதின்வயதுப் பிள்ளை வர மறுத்தால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் தொடர்ந்து நடத்துங்கள். கணவன் சிஎஸ்ஐ, மனைவி கத்தோலிக்கர் என்றோ, ஒருவர் வேறு மார்க்கத்திலிருந்து வந்தவர் என்றோ இருந்தால், சபை வேறுபாடுகளைத் தொடாமல் பரமண்டல ஜெபத்தையும் ஒரு சங்கீதத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: மன்னிப்புக் கேட்பது

குழு உண்மையாக நடந்தால், ஐந்தாறு வாரத்துக்குள் யாராவது ஒருவருக்கு வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வரும். அதற்குக் குழு அவரைத் தயார்படுத்த வேண்டும். செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்: “போன மாதம் உன் அக்கா முன்னால் உன்னை மட்டம்தட்டிப் பேசினேன். அது தப்பு.” பின்னால் “ஆனால் நீயும்...” என்ற வால் சேரக்கூடாது. உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பல வருடக் காயம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறாது. வசனத்தைக் காட்டி “நீ மன்னிக்கத்தான் வேண்டும்” என்று கேட்பது மறுபடியும் அதிகாரம் செலுத்துவதுதான். பிள்ளைகளிடமும் கேட்கலாம், அதனால் தகப்பனுக்குரிய மரியாதை குறைவதே இல்லை.

எட்டாம் படி: ஜெபத்தோடு வேறு உதவியும் வேண்டிய இடங்கள்

குடியில் சிக்கியவர் குழுவில் அதை வாய்திறந்து சொல்வது பெரிய தைரியம். ஆனால் பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே “இன்றே விட்டுவிடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, வேலூர் சிஎம்சி, சென்னை டிடிகே மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை உண்டு. கூடவே போய், வெளியே பெஞ்சில் காத்திருப்பது குழுவின் வேலை.

மனச்சோர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். இதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது.

வீட்டில் அடிதடி இருந்தால், குழு சமரசம் பேசப் போக வேண்டாம். “பொறுத்துப்போ அம்மா” என்று மனைவியிடம் சொல்ல எந்த ஆணுக்கும் உரிமையில்லை. அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பதுதான் முதலில். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உள்ளன. அடித்தவரைக் குழு கைவிடத் தேவையில்லை, ஆனால் அவர் செய்ததை மூடிமறைக்கவும் கூடாது.

ஒன்பதாம் படி: குழுவை நிலைநிறுத்துவது, பிரிப்பது

தொடங்க நல்ல காலம் லெந்து நாட்கள். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை மனது ஏற்கெனவே அதற்குத் தயாராக இருக்கும். டிசம்பரில் தொடங்கினால் வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனியும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் அதை விழுங்கிவிடும். ஏற்கெனவே நடக்கும் குழு டிசம்பரில் இரண்டு வாரம் விட்டுக் கூடினாலும் சரி, முழுதாக நிறுத்தக்கூடாது.

நடத்துகிற பொறுப்பை மாதம் ஒருவராக மாற்றுங்கள். மூன்று மாதம் ஆனதும் ஒவ்வொருவரும் வீட்டில் மனைவியிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கட்டும்: “நான் அங்கே போவதால் உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?” பதில் “இல்லை” என்றால் வாதாடாமல் கேட்டுக்கொண்டு, குழுவில் அதை அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். சபை மேடையில் சாட்சி சொல்லவும் அவசரம் வேண்டாம். ஒருவருடைய வீட்டுக் கதையைப் பொதுவில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து சாப்பிடுங்கள், சமையலும் பரிமாறுவதும் ஆண்கள் பொறுப்பில் இருக்கட்டும். ஏழாவது எட்டாவது ஆள் கேட்டு வரும்போது, பழையவர்களில் இருவர் வெளியே வந்து புதியவர்களோடு இன்னொரு குழு தொடங்கலாம். அந்த இருவர் யார் என்பதை முழுக் குழுவும் ஒரு மாதம் ஜெபித்து முடிவு செய்யட்டும். புதிய குழு தன் நேரத்தை முடிவு செய்வதற்கு முன், மறுபடியும் இரண்டாம் படியிலிருந்தே, அந்தந்த வீட்டில் மனைவியிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.